அலுமினிய சைடு பேனல்: சுத்தியல் எடுப்பதற்கு முன்னால் முடிவாகும் வேலை

மோட்டார் சைக்கிளின் சீட்டுக்குக் கீழே பக்கவாட்டை மூடும் தகடுதான் சைடு பேனல். நான் முதன்முதலாகச் செய்த அலுமினிய சைடு பேனல் நான்கு மாதம்தான் தாங்கியது. வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது போல்ட்டைச் சுற்றி மை சிந்தியது போல ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. துணியால் துடைத்தேன், போய்விட்டது. இரண்டு வாரத்தில் மறுபடி வந்தது. இந்த முறை துடைத்த பிறகு, துளையின் ஓரத்திலிருந்து தலைமுடி அளவுக்கு ஒரு கோடு வெளிப்பக்கமாக ஓடியிருந்தது. விரல் நகத்தை வைத்தால் மாட்டியது. தகடு கிழியத் தொடங்கியிருந்தது.

அந்தப் பேனலின் வடிவத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வளைவு டேங்கின் கோட்டோடு சேர்ந்தே வந்திருந்தது, பாலீஷும் கண்ணாடி போல இருந்தது. ஆனால் மூன்று போல்ட்டையும் பிரேமோடு இரும்பாக முறுக்கி வைத்திருந்தேன். தப்பு அங்கேதான். அதற்குப் பிறகு எந்தப் பேனலைச் செய்தாலும் எங்கே, எப்படித் தொங்கப்போகிறது என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் தகட்டைத் தொடுகிறேன். வடிவம் அப்புறம்.

அலுமினியத்துக்கு இந்தக் கவனம் ஏன் தேவை என்பதைப் பார்ப்போம். திரும்பத் திரும்ப விசை பட்டு உலோகம் தளர்வதைக் களைப்பு என்பார்கள். இரும்புக்குக் களைப்பில் ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே இருக்கும் விசையை எத்தனை கோடி முறை கொடுத்தாலும் அது முறியாது என்று நம்பலாம். அலுமினியத்துக்கு அப்படி ஒரு திடமான எல்லை கிடையாது. சின்ன விசையாக இருந்தாலும் ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் விரிசல் பிறக்கும். மோட்டார் சைக்கிள் என்பதே ஓயாமல் ஆட்டும் இயந்திரம். 6,000 சுற்றில் ஓடும் இன்ஜின் நொடிக்கு 100 முறை பிரேமை உதறுகிறது. ஒரு மணி நேரத்தில் 3,60,000 உதறல். நூறு மணி நேரம் ஓட்டினால் 3 கோடியே 60 லட்சம். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு துளையின் ஓரத்தில் விட்டுவைத்த பிசிறுகூடச் சின்ன விஷயமாகத் தெரியாது.

இதற்கு உலகம் கொடுத்த விலை பெரியது. 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் பிரிட்டனின் இரண்டு காமெட் ஜெட் பயணிகள் விமானங்கள் மத்தியதரைக் கடலுக்கு மேலே வானிலேயே சிதறின. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு மையத்தில் ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். உடலின் மெல்லிய அலுமினியத் தகட்டில் வெட்டப்பட்ட திறப்புகளின் மூலைகளிலிருந்து களைப்பு விரிசல் ஓடியது அதில்தான் தெரிந்தது. சைடு பேனல் முறிந்தால் யாருக்கும் உயிர் போகாது. ஆனால் உலோகம் அதேதான், மூலை அதேதான், விரிசல் ஓடும் விதமும் அதேதான்.

சரி, இத்தனை தொல்லை இருந்தால் ஏன் அலுமினியம்? எடைதான் முதல் காரணம். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு ஏறக்குறைய 7.85 கிராம், அலுமினியம் 2.7 கிராம். ஆனால் விறைப்பிலும் அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் 1 மி.மீ. இரும்புத் தகட்டுக்குப் பதில் 1 மி.மீ. அலுமினியத்தைப் போட்டால் தகடு தளதளவென்று ஆடும். இங்கே கனம் கைகொடுக்கிறது. தகட்டின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், அதாவது கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். 1.5 மி.மீ. அலுமினியம் 1 மி.மீ. இரும்பைவிடச் சற்று விறைப்பாகவே நிற்கும், எடையோ அந்த இரும்பில் பாதியைவிடச் சற்றே கூடுதல். 30 செ.மீ.க்கு 20 செ.மீ. அளவுள்ள பேனல் என்றால் இரும்பில் 470 கிராம், 1.5 மி.மீ. அலுமினியத்தில் 245 கிராம். அதனால்தான் சைடு பேனல் செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் 1.5 மி.மீ.யில் வந்து நிற்கிறார்கள். நிறைய வளைவு தட்ட வேண்டியிருந்தால் 1.2 போதும், ஏனென்றால் வளைவே விறைப்பைக் கொடுத்துவிடும். முழுத் தட்டையான பேனலுக்கு 2 மி.மீ. வரை போகலாம்.

துருப்பிடிக்காது என்பது இரண்டாவது காரணம். மூன்றாவது, கையால் தட்டி வளைக்க இது இணங்கும். ஆனால் எந்த அலுமினியம் இணங்கும் என்பதில் பலர் சறுக்குகிறார்கள். வலுவானது என்று கேள்விப்பட்டு 6061-டி6 (எண் கலவையைக் குறிக்கும், டி6 சூட்டால் வலுவேற்றிய பதத்தை) தகட்டை வாங்கிவந்து மடிக்கப் பார்த்தால் மடிப்பின் வெளிப்பக்கம் பிளக்கும். அதை மடிக்க வேண்டுமென்றால் தகட்டின் கனத்தில் இரண்டு மூன்று மடங்காவது ஆரம் விட வேண்டும். வெல்டிங் வைத்தால் சூடு பட்ட இடத்தில் டி6 பதம் போய் வலு வெகுவாக இறங்கிவிடும். பேனலுக்கு அது தேவையே இல்லை. மக்னீசியம் கலந்த 5052, மாங்கனீசு கலந்த 3003, 99.5 சதவீதம் தூய்மையான 1050 ஆகிய மூன்றில் ஒன்றை எடுக்கலாம். 1050 வெண்ணெய் போல இளகும், ஆனால் முழங்கால் இடித்தாலே பள்ளம் விழும். 3003 தட்டுவதற்கு இனிமையானது. எனக்குப் பிடித்தது 5052-எச்32, அதாவது சற்றே இறுக்கிய பதத்தில் வரும் 5052. மடித்தால் பிளக்காது, வெல்டிங் ஏற்கும், அதிர்வையும் மற்ற இரண்டைவிட நன்றாகத் தாங்கும்.

இப்போது பொருத்தும் இடம். வண்டியில் டேங்க், சீட், பேட்டரி, ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்போதுதான் பேனலைப் பற்றி யோசிக்க வேண்டும். வெறும் பிரேமை வைத்து அளவெடுத்த பேனல் சீட் ஏறியதும் இடிக்கும். பின் ஷாக் முழுவதும் அமுங்கும்போது எதுவும் உரசக் கூடாது. அதற்கு ஷாக்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் மேலே தூக்கிப் பார்ப்பதே நம்பகமான வழி. கார்புரேட்டர் வண்டியென்றால் இன்னொன்றும் உண்டு. பழைய பேனலுக்குப் பின்னால் இருந்த காற்று வழியைப் புதுப் பேனல் அடைத்தாலோ அகலமாகத் திறந்துவிட்டாலோ பெட்ரோல் கலவை மாறும். பேனல் மாட்டிய பிறகு வண்டி இழுவை குறைந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

மூன்று புள்ளிகள் போதும். மூன்று புள்ளியில் நிற்கும் தகடு முறுக்கப்படாது. நான்காவது போல்ட் போட்டால், பிரேம் அரை மி.மீ. கோணலாக இருந்தாலும் தகட்டை வளைத்துப் பிடித்து வைக்கும், அந்த இழுவிசை அதிர்வோடு சேர்ந்து விரிசலைச் சீக்கிரம் கொண்டுவரும். தொழிற்சாலை வண்டிகளில் பல காலமாக உள்ள ஏற்பாடு இதுதான்: பேனலின் பின்பக்கம் இரண்டு முளைகள், பிரேமில் அவற்றை வாங்கிக்கொள்ளும் இரண்டு ரப்பர் க்ரோமெட்டுகள் (நடுவில் துளையுள்ள ரப்பர் வளையங்கள்), மூன்றாவதாக ஒரு போல்ட். முளைகள் ரப்பருக்குள் அழுந்தி உட்காரும், போல்ட் கழன்று விழாமல் காக்கும். பழைய பிளாஸ்டிக் கவர்களில் இந்த முளைகள்தான் முதலில் ஒடியும், அதற்குக் காரணம் பெரும்பாலும் காய்ந்து கல்லாகிப்போன ரப்பர். புதுப் பேனலுக்குப் பழைய க்ரோமெட்டைப் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

போல்ட் போகும் இடத்தில்தான் நான் முதலில் தவறியது. ரப்பரை வைத்து அதன் மேல் வாஷரைப் போட்டு இறுக்கினால் ரப்பர் நசுங்கிச் செத்துவிடும். பிறகு அது இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். க்ரோமெட்டின் துளைக்குள் ஒரு சின்ன உலோகக் குழாயைப் போட வேண்டும். அதன் நீளம் ரப்பரின் கனத்தைவிட அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை குறைவாக இருக்கட்டும். போல்ட்டை இறுக்கும்போது ரப்பர் லேசாக அமுங்கும், அதற்குள் வாஷர் குழாயில் போய் முட்டி நின்றுவிடும். போல்ட் இறுக்கமாகவும் இருக்கும், தகடு ரப்பரில் மிதந்துகொண்டும் இருக்கும். கடைசல் இயந்திரம் தேவையில்லை, சரியான விட்டமுள்ள குழாயை அறுத்து அரம் போட்டால் பத்து நிமிட வேலை.

போல்ட்டைவிடப் பெரிய துளையும் அதில் ரப்பரும் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 30 செ.மீ. நீளப் பேனல் 50 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.35 மி.மீ. நீளும், இரும்பு பிரேம் அதில் பாதிதான் நீளும். சைலன்சர் பக்கத்தில் இது அன்றாடம் நடக்கும்.

பிரேமில் புதுக் காதுகள் (போல்ட் மாட்டும் சிறு தகட்டுத் துண்டுகள்) வெல்டிங் வைக்க வேண்டியிருந்தால் முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மின்னணுப் பெட்டி உள்ள வண்டியென்றால் அதன் இணைப்பையும் பிடுங்கிவிடுவது நல்லது. ரப்பர் பூசிய கிளாம்பைக் குழாயைச் சுற்றிப் போட முடிந்தால் வெல்டிங்கே வேண்டாம் என்பேன். பிரேமில் சூடு வைப்பது கடைசி வழியாக இருக்கட்டும். அடிக்கடி திறக்கும் பேனல் என்றால் வில்லியம் டிசூஸ் 1930களில் கொண்டுவந்த, கால் சுற்றுத் திருப்பினாலே திறக்கும் பூட்டு அருமையான தேர்வு. பந்தய வண்டிகளில் இன்றும் அதுதான் ஓடுகிறது.

இத்தனையும் முடிந்த பிறகு அட்டை. கெட்டியான அட்டையை வெட்டி, ஒட்டி, மடித்துப் பேனலைத் தாளிலேயே செய்துபார்க்க வேண்டும். துளைகளின் இடத்தைக் குறிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பிரேமின் திருகுத் துளைகளில் முனை கூராக்கிய திருகுகளை உள்ளிருந்து கொஞ்சமாக வெளியே நீட்டி வையுங்கள். அட்டையைச் சரியான இடத்தில் பிடித்து உள்ளங்கையால் ஒரு அழுத்து. மூன்று குத்துப் புள்ளி விழும். அளவுகோல் வைத்து அளந்ததைவிட அது துல்லியமாக இருக்கும்.

அட்டை வண்டியில் நிற்கும்போது நான்கு எட்டுப் பின்னால் போய்ப் பாருங்கள். இடைவெளி அதிகமாக இருப்பதைக் கண் மன்னிக்கும், ஒழுங்கில்லாததை மன்னிக்காது. சீட்டுக்கும் பேனலுக்கும் இடையே கடைசிவரை 6 மி.மீ. இருந்தால் அது அழகாகவே தெரியும். ஒரு முனையில் 3, மறுமுனையில் 5 என்றால் யார் பார்த்தாலும் கோணலென்று சொல்வார்கள். இடப்பக்க அட்டையைத் திருப்பி வலப்பக்கம் வைத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். வண்டியின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் அல்ல. ஒரு பக்கம் சைலன்சர், இன்னொரு பக்கம் செயின். வெளிக்கோடு ஒன்றாகவும் உள்வெட்டு வேறாகவும் வருவதுதான் வழக்கம்.

அட்டையிலிருந்து தகட்டுக்குப் போகும்போது மடிப்புக் கணக்கு ஒன்று இருக்கிறது. 1.5 மி.மீ. தகட்டை உள் ஆரம் 2 மி.மீ. வைத்து 90 டிகிரி மடித்தால், மடிப்பில் செலவாகும் தகடு ஏறக்குறைய 4 மி.மீ.தான். வெளி அளவுகளை அப்படியே கூட்டி வெட்டியிருந்தால் ஒவ்வொரு மடிப்புக்கும் 3 மி.மீ. கிட்ட மிஞ்சும். இரண்டு ஓரமும் மடித்த பேனல் 6 மி.மீ. பெரிதாகிப் போய் சீட்டை இடிக்கும். ஒரு துண்டுக் கழிவுத் தகட்டை மடித்து முன்னும் பின்னும் அளந்துவிட்டால் உங்கள் கருவிக்கான சரியான எண் கிடைத்துவிடும்.

கோடு போடும்போது எஃகு முள்ளால் கீறாதீர்கள். வெட்டும் கோட்டைக் கீறினால் பரவாயில்லை, மடிப்புக் கோட்டைக் கீறினால் விரிசலுக்கு நீங்களே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. மார்க்கர் பேனாதான் சரி. பென்சிலும் வேண்டாம், அதிலுள்ள கிராஃபைட் ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் விமான வேலையிலேயே அதை விலக்குகிறார்கள். இரண்டு மடிப்புகள் சந்திக்கும் மூலையில், வெட்டுவதற்கு முன்பே 4 அல்லது 5 மி.மீ. துளை ஒன்றைப் போட்டுவிட வேண்டும். மடிக்கும்போது கிழிசல் அந்த வட்டத்தில் நின்றுவிடும். வெட்டி முடித்ததும் எல்லா ஓரத்தையும் அரம் போட்டு, பிறகு 240, 400 உப்புத்தாளால் விரல் வழுக்கும்வரை தேய்க்க வேண்டும். அரத்தின் பல்லில் அலுமினியம் அப்பிக்கொள்ளும். அரத்தில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் அப்பாது. டிரில் போடும்போது ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விடுவதும் அதற்காகத்தான்.

வளைவு தட்டுவது தனி சுகம். தட்டத் தட்ட அலுமினியம் இறுகும். காதைக் கொடுத்தால் அதுவே சொல்லும். மணல் மூட்டையின் மேல் வைத்து மரச் சுத்தியலால் அடிக்கும்போது முதலில் பொத் பொத்தென்று மொண்ணையான சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் அது கணீரென்று மாறும், சுத்தியல் கையில் துள்ளும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்னும் அடித்தால் தகடு நகராது, கிழியும். திரும்ப இளக்கப் பதம் போட வேண்டும், அதாவது சூடேற்றி மென்மையாக்க வேண்டும்.

பதம் போடுவதில் பயப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. இரும்பு சூடானால் சிவக்கும், எச்சரிக்கும். அலுமினியம் சிவக்காது. அப்படியே வெள்ளையாக இருந்து திடீரென்று தொய்ந்து ஓட்டையாகிவிடும். 5052 இளகுவதற்கு 345 டிகிரி செல்சியஸ் போதும், உருகத் தொடங்குவது 607 டிகிரியில். இடையில் எங்கே நிற்கிறோம் என்று கண்ணால் தெரியாது. அதற்குப் பழைய பட்டறை வழி சோப்பு. சாதாரணச் சோப்புக் கட்டியால் தகட்டில் கோடுகள் இழுங்கள். தீயை ஒரே இடத்தில் நிறுத்தாமல் விசிறிக்கொண்டே வாருங்கள். சோப்புக் கோடு மஞ்சளாகி, பழுப்பாகி, தேயிலைக் கஷாய நிறத்தைத் தாண்டிக் கறுக்கும் கணத்தில் தீயை எடுத்துவிட வேண்டும். இந்த வகைத் தகடுகளைத் தண்ணீரில் ஆற்றினாலும் காற்றில் ஆறவிட்டாலும் மென்மையில் வித்தியாசம் இல்லை. ஆறியதும் ஓரத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள், ஈயம் போல இணங்கும். அப்படி இணங்கும்போது கைக்கு ஒரு நிம்மதி கிடைக்கும், அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் கடைசிச் சுற்றில் பதம் போடாதீர்கள். முடிந்த பேனல் இறுகிய நிலையிலேயே இருக்க வேண்டும். மெருகுச் சுத்தியலால் டாலியின் (தகட்டுக்கு அடியில் பிடிக்கும் இரும்புக் கட்டி) மேல் மெல்ல மெல்லத் தட்டிச் சமப்படுத்துவது மேடு பள்ளத்தை எடுப்பதற்கு மட்டுமல்ல, தகட்டுக்கு வலுவைத் திருப்பிக் கொடுப்பதற்கும்தான். இடம் வலம் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்காமல், ஒரே கட்டத்தில் சேர்த்தே கொண்டுபோவது நல்லது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினால் இரண்டாவது ஒருநாளும் முதலாவதைப் போல வராது.

விளிம்பை மொட்டையாக விடக் கூடாது. அங்கிருந்துதான் பேனல் படபடக்கும். 8 அல்லது 10 மி.மீ. உள்ளே மடிப்பது எளிது. வளைந்த விளிம்பென்றால் 3 மி.மீ. அலுமினியக் கம்பியைச் சுற்றித் தகட்டைச் சுருட்டிவிடுவது வண்டிகளுக்கு உடல் கட்டும் பழைய கோச்சுப் பட்டறைகளின் முறை. பார்க்கவும் வட்டமாக, திடமாக இருக்கும். கம்பி அலுமினியமாகவே இருக்கட்டும். இரும்புக் கம்பி போட்டால் உள்ளே ஈரம் தங்கி இரண்டு உலோகமும் சண்டையிடும்.

பின்பக்கத்து முளைகளையும் காதுகளையும் ஒட்டவைக்க டிக் வெல்டிங்கே (டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் கொண்டு வைப்பது) முறையானது. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு தோல் இருக்கிறது. அது உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும், அடியில் இருக்கும் உலோகமோ 660 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். மாறுமின்னோட்டத்தில் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பாதி இந்தத் தோலை உரித்துக்கொண்டே போகிறது, மறுபாதி சூட்டைக் கொடுக்கிறது. அதனால்தான் இதற்கு நேர்மின்னோட்ட டிக் இயந்திரம் சரிப்படாது. அசிட்டோனால் துடைத்து, அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்த ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்த்து, தூய ஆர்கானில் வைக்க வேண்டும். பிறகு ஆனோடைஸ் (மின்சாரத்தால் ஆக்சைடு தோலைத் தடிப்பாக்குவது) செய்வதாக இருந்தால் 5356 என்ற நிரப்புக் கம்பியை எடுங்கள். 4043 கம்பி வைத்த இடம் ஆனோடைஸுக்குப் பிறகு கருஞ்சாம்பல் நிறத்தில் தழும்பு போலத் தெரியும். காதை நேராகப் பேனலில் வைக்காமல், அதன் அடியில் ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக ஒரு தகட்டுத் துண்டு வைத்து, அதன் ஓரத்தில் வெல்டிங் வைத்தால் விசை பரவிப் போகும். வெல்டிங் வசதி இல்லாதவர்கள் அதே துண்டை அலுமினிய ரிவெட்டால் பொருத்தலாம். வெளியில் ரிவெட் தலைகள் தெரிவதில் எனக்கு வருத்தமே இல்லை, ஒரே சீராக இருந்தால் அது அழகுதான்.

மேற்பூச்சில் நீண்ட பேச்சுக்கு இடமில்லை. பெயிண்ட் அடிப்பதென்றால் அலுமினியத்துக்கான எட்ச் பிரைமரோ எபாக்சி பிரைமரோ (பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சுகள்) கட்டாயம், தேய்த்துச் சுத்தம் செய்த அன்றே அடித்துவிட வேண்டும். வெறும் பாலீஷின் மேல் கிளியர் என்ற நிறமற்ற பூச்சை அடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. ஒரு கல் தெறித்தாலே அந்த இடத்திலிருந்து அடியில் புழு ஊர்ந்தது போல வெண்கோடுகள் பரவும். பாலீஷ் வேண்டுமென்றால் அப்படியே விட்டு, அவ்வப்போது கையால் தேய்த்துக்கொள்வதே மேல். எஃகுக் கம்பளியால் மட்டும் தேய்க்காதீர்கள். அதன் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து பிறகு துருப்புள்ளிகளாக வெளியே வரும்.

மாட்டும்போது ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் நைலான் வாஷர் இருக்கட்டும். இல்லையென்றால் ஈரம் பட்டதும் அலுமினியம்தான் கரையும், வெள்ளைப் பொடியாகத் தெரியும். நட்டு உள்ளே நைலான் வளையமுள்ள நைலாக் வகையாக இருந்தால் அதிர்வில் கழலாது. முதல் 200 கிலோமீட்டருக்குப் பிறகு பேனலைக் கழற்றி, ஒவ்வொரு துளையையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக வந்தால் சரி. கறுப்பாக வந்தால் அங்கே உலோகம் எதனுடனோ உரசுகிறது: குழாய் நீளமாகிவிட்டதா, ரப்பர் சின்னதா, காது கோணலா என்று பார்க்க வேண்டும். கோடு ஏற்கெனவே ஓடியிருந்தால் அதன் நுனியைப் பூதக்கண்ணாடியில் தேடி, நுனியைச் சற்றே தாண்டிய இடத்தில் 3 மி.மீ. துளை போட்டு நிறுத்துங்கள். அப்புறம் பின்பக்கம் தகடு வைத்து அடைத்து, உரசலுக்கான காரணத்தையும் நீக்கிவிட்டு மாட்டுங்கள்.